நானூற்றுப் பன்னிரண்டு வீட்டு உப்பு

குருவம்மாள் ரசத்துக்கு உப்புப் போட மறந்த அந்த வியாழக்கிழமை மத்தியானம், வெள்ளூரணியிலும் அதைச் சுற்றியுள்ள பதினோரு ஊர்களிலுமாக நானூற்றுப் பன்னிரண்டு வீட்டு ரசத்தில் உப்பு இல்லாமல் போனது. மற்ற வீடுகளில் பெண்கள் போடத்தான் செய்தார்கள். கை நிறைய அள்ளிப் போட்டவர்களும் உண்டு, போட்டதை மாமியார் பக்கத்தில் நின்று பார்த்த வீடுகளும் உண்டு. ஆனாலும் சோற்றில் ஊற்றி வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. புருஷன்மார் வழக்கம்போல் முகத்தைச் சுளித்தார்கள், பெண்கள் வழக்கம்போல் தங்களைத் தாங்களே நொந்துகொண்டார்கள், இரண்டாம் தடவை போட்ட உப்பும் எங்கே போனதென்று தெரியாமல் மூன்றாம் தடவையும் போட்டுப் பார்த்துவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்கள்.

மூன்று நாள் முந்தி நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும்.

குருவம்மாளுக்கு வயது ஐம்பத்தாறு. தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிற வேலை; அந்தப் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள், அதனால் உத்தியோகம் ஒன்றும் பெரிதாகிவிடாது. ஒற்றை அறை வீடு, வாடகை. புருஷன் போய்ச் சேர்ந்து பதினான்கு வருஷம். ஒரே மகன் மாரீஸ்வரன் திருப்பூருக்குப் போய் ஏழு வருஷம். போன புதிதில் போன் பேசினான், பிறகு தீபாவளிக்குப் பேசினான், பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்ல ஆரம்பித்தது. குருவம்மாள் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே சில நாள் அந்த நம்பரைப் போட்டதுண்டு.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அவள் கூட வேலை பார்ப்பவள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பி நின்றாள். பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி ஓடிவந்து, "வெறுங்கழுத்தோட போவாதீக மதினி" என்று தன் மூன்று பவுன் செயினைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டாள். தெருவுக்கே இருந்தது அந்த ஒரு செயின்தான். எந்த வீட்டுப் பெண் விசேஷத்துக்குப் போனாலும் அதுவும் கூடப் போகும், வந்து சேரும், திருப்பி வாங்கும்போது செண்பகவல்லி எடையைக்கூடக் கையில் பார்க்க மாட்டாள். செயின் போதாதென்று அவளுடைய பழைய ஃபிரிட்ஜும் அன்றைக்குக் குருவம்மாள் வீட்டில்தான் இருந்தது. மகள் சடங்கு வைத்திருந்ததால் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள், சுண்ணாம்பு படக்கூடாதென்று இங்கே தள்ளிக்கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அறையில் பாதியை அடைத்துக்கொண்டு, தலையில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி அது கம்மென்று நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹெப்சிபா வந்தாள். யாரிடம் எவ்வளவு சொத்திருக்கிறது, இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் நடுவில் எத்தனை தூரம் என்று அளந்து சொல்லும் கணக்கெடுப்புக்கு ஆள் எடுத்திருந்தார்கள், அதில் அவளும் ஒருத்தி. நாசரேத்துப் பக்கத்துப் பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்கும், கையில் பதில்களை ஏற்றிக்கொள்ளும் டேப்லெட், தோளில் தண்ணீர்ப் பாட்டில்.

"எல்லா வீட்டுக்கும் போக மாட்டோம்மா. வீடுகள மூணு வரிசையாப் பிரிச்சு, ஒவ்வொரு வரிசையிலயும் சில வீட்ட மட்டும் எடுப்போம். அந்த வீடு மத்த வீடுகளுக்காகப் பேசும். கண்ணால பாத்த வரைக்கும் நீங்க நடு வரிசை. நீங்க சொல்றது நானூத்திப் பன்னெண்டு வீட்டுக்குச் சமம்" என்றாள் அந்தப் பெண்.

குருவம்மாளிடம் இத்தனை மரியாதையாக யாரும் எதையும் விளக்கிச் சொன்னதில்லை. அவள் பெஞ்சைத் துடைத்துப் போட்டாள்.

"இந்த ஃபிரிட்ஜ் உங்களதாம்மா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் யாருடையது, ஏன் இங்கே இருக்கிறது, அப்புறம் கழுத்தில் கிடப்பது யாருடையது என்று பேச்சு நீளும். கல்யாணத்துக்குப் பட்டு உடுத்தி நிற்கிறவளுக்கு அந்த நேரத்தில் அதெல்லாம் பெரிய அவமானமாகத் தெரிந்தது.

"ஆமா தாயி."

"செயின்?"

"மூணு பவுனு."

"வீட்ல எத்தன பேரும்மா?"

இதற்குத்தான் அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"ரெண்டு பேரு. மகன் திருப்பூர்ல இருக்கான். மாசமாசம் வந்துருவான். எட்டாயிரம் அனுப்புதான்."

"கடைசியா எப்ப வந்தாங்க? ஆறு மாசத்துக்கு மேல வராதவங்கள வீட்டுக் கணக்குல சேர்க்கக் கூடாது, அதான் கேக்கேன்."

"போன மாசந்தான்" என்றாள் குருவம்மாள். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே அவன் போன மாதம் வந்துவிட்டுப் போனது போலவும், கொடியில் அவன் லுங்கி இன்னும் காய்வது போலவும் இருந்தது. அந்தச் சுகத்துக்காக அவள் இன்னும் நாலு பொய் சொல்லியிருப்பாள், ஹெப்சிபா அதற்குமேல் கேட்கவில்லை.

அங்கிருந்து ஹெப்சிபா நேராகப் பெரிய வரிசை வீட்டுக்குப் போனாள். அது தனுஷ்கோடியின் வீடு. அரிசி ஆலை, கல்யாண மண்டபம், நான்கு வழிச்சாலையை ஒட்டி நூற்றிப்பத்து ஏக்கர். அவர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலி போடச் சொல்லி, மோர் கொடுத்து, எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். வீடு மனைவி பேரில். ஆலை மைத்துனர் பேரில். மண்டபம் டிரஸ்ட் பேரில். கார் கம்பெனியுடையது. நிலம் குலதெய்வம் பேரில்.

"எம்பேருல என்னம்மா இருக்கு? அந்தா நிக்கிற சைக்கிள் ஒண்ணு எங்கப்பா வாங்கிக் குடுத்தது. அத வேணா எழுதிக்க" என்றார்.

அவர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை, பத்திரங்கள் அப்படித்தான் இருந்தன. ஆக, இல்லாதவள் வெட்கப்பட்டுக் கூட்டிச் சொன்னாள், இருப்பவர் சட்டப்படி குறைத்துச் சொன்னார், இரண்டுமே ஒரே டேப்பில் ஏறிக்கொண்டு ஒரே ஸ்கூட்டரில் மாவட்டத் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தன.

அன்றைக்கே தொடங்கிவிட்டது. குருவம்மாள் கல்யாணப் பந்தியில் இரண்டு வடையும் பாயசமும் வைத்துத் திருப்தியாகச் சாப்பிட்டு எழுந்த நேரத்தில், நானூற்றுப் பதினோரு வீட்டில் யாருக்கும் பசிக்கவில்லை. வடித்த சோறு வடித்தபடி இருந்தது. வியாழக்கிழமை உப்பு போனது. சனிக்கிழமை அவளுக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது பதினோரு ஊரிலும் கிராம்புக்குத் தட்டுப்பாடு வந்தது. தனுஷ்கோடியும் மூன்று வீட்டுக்குச் சமமாகத்தான் இருந்தார். அவருக்கு நெஞ்செரிச்சல் வந்தால் இன்னும் இரண்டு ஆலைக்காரர்கள் சோடா குடித்தார்கள், அது ஊருக்கு எட்டவில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது செண்பகவல்லி. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்ற கீழூர்க்காரியும் பின்னால் நின்ற புதூர்க்காரியும் உப்பைப் பற்றியே புலம்பினார்கள், மூன்று பேருக்கும் தாடை வீங்கியிருந்தது, அதுவும் ஒரே பக்கத்தில். செண்பகவல்லி சாமானை வாங்கிக்கொண்டு நேரே குருவம்மாள் வீட்டுக்கு வந்து அவள் தாடையைத் திருப்பிப் பார்த்தாள்.

"மதினி, ஒரு புள்ள வந்து நானூத்திச் சொச்சம் வீட்டுக்கு நீங்க சமம்னு சொல்லிட்டுப் போச்சுன்னு சொன்னீகள்ல?"

"ஆமா, சொல்லுச்சு."

"சரியாப் போச்சு. மொதல்ல ஒரு கல்லு உப்ப வாயில போட்டுக் கொப்புளிங்க."

ஊர் இதற்கெல்லாம் அதிர்ந்து போய் நிற்கவில்லை. கரண்ட் எந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வதுபோல் தங்கள் வீட்டு ருசி எங்கிருந்து வருகிறதென்று தெரிந்துகொண்டார்கள், தெரிந்ததும் அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார்கள். பல் டாக்டரிடம் கூட்டிப்போகக் கீழூரிலிருந்து ஆட்டோ வந்தது. வெள்ளிக்கிழமை விரதத்தை விடச் சொல்லி அவளிடம் கெஞ்சினார்கள், குத்துக்காலிட்டு உட்காராதே முழங்கால் வலிக்கிறது என்றார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை வைத்திருந்தவள் ஒன்பதரைக்குப் படுத்துவிடும்படி கேட்டுக்கொண்டாள், கல்யாணம் வைத்திருந்தவன் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்து "முகூர்த்தம் ஒம்போது டு பத்தரை, அந்நேரம் மட்டும் கொஞ்சம் சந்தோசமா இருந்துக்கிடுங்கத்தா" என்று வெற்றிலை பாக்கோடு சொல்லிவிட்டுப் போனான். அவளுக்கு அந்நேரம் சந்தோஷப்பட ஒன்றும் கிடைக்காமல், மாரீஸ்வரன் நடக்கப் பழகின நாளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கல்யாணம் நன்றாகவே நடந்தது.

பெரிய சங்கடம் சாயங்காலம் ஏழு மணிதான். மாரீஸ்வரன் ஊரில் இருந்தபோது வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரம் அது. ஏழு வருஷமாக அந்த நேரத்துக்கு அவளுக்குக் கண் கலங்கும், சத்தமெல்லாம் கிடையாது, முந்தானையில் துடைத்துக்கொண்டு அரிசி களைவாள். இப்போது ஏழு மணி ஆனால் நானூற்றுப் பதினோரு வீட்டில் காரணம் தெரியாமல் கண் கலங்கியது. டீக்கடையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஆண்கள் கிளாசை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எதற்கு என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. முறை போட்டுக்கொண்டு, தினம் ஏழு மணிக்கு நாலு பேர் தூக்குவாளியில் எதையாவது எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

அப்படி வந்தவர்கள் அவளுக்காக வரவில்லை, தங்கள் கண்ணுக்காக வந்தார்கள். குருவம்மாளுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஆறு மணிக்கே கூட்டித் தெளித்து, முகம் கழுவி, பாய் விரித்துவைத்தாள். ஏழு மணி வந்தது, போனது, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் கடந்து போனது. செண்பகவல்லி ஃபிரிட்ஜைத் திரும்ப எடுத்துப்போன பிறகு அந்த இடத்தில் இரண்டு பேர் கூடுதலாக உட்கார முடிந்தது. ஒரு மனுஷிக்கு இவ்வளவு போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஐப்பசி பிறக்கிற சமயத்தில் அறிக்கை வந்தது. இந்த வட்டாரத்தில் ஏற்றத்தாழ்வு வெகுவாகக் குறைந்துவிட்டது என்று அதில் இருந்தது. படம் போட்டு, கோடு போட்டு, மேலே இருந்த கோடு கீழே இறங்கியதையும் கீழே கிடந்த கோடு மேலே ஏறியதையும் காட்டியிருந்தார்கள். அதனால் தகரக் கூரை வீடுகளுக்குத் தளம் போட்டுக் கொடுப்பதாக இருந்த திட்டம் வேறு வட்டாரத்துக்குப் போய்விட்டது. மழை தொடங்கியிருந்தது. ஓட்டைத் தகரத்துக்குக் கீழே ஏனம் வைத்துக்கொண்டிருந்த சனம் திரண்டு தாலுகா ஆபீசுக்குப் போனது.

அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷன்தான், தாளைத் திருப்பிக் காட்டினார். "உங்க நடு வரிசையில வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் இருக்கு, மூணு பவுன் செயின் இருக்கு, மாசம் எட்டாயிரம் மகன் அனுப்புறாரு. இதுக்கு மேல நாங்க என்ன செய்ய?"

சனம் ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. எல்லாக் கழுத்திலும் மஞ்சள் கயிறுதான் கிடந்தது. செண்பகவல்லி மட்டும் தன் செயினைச் சேலைக்குள் தள்ளி மறைத்துக்கொண்டாள். தெருவுக்கு ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த செயின் நானூற்றுப் பன்னிரண்டு குட்டி போட்டிருப்பது அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

அன்றைக்கு ஏழு மணிக்கு முறைக்காரர்களோடு ஹெப்சிபாவும் வந்து உட்கார்ந்திருந்தாள். செண்பகவல்லிதான் போன் போட்டு வரவழைத்திருந்தாள். வெளியே மழை, உள்ளே நனைந்த குடைகளின் வாசம்.

"மதினி, நீங்க சொன்னது என் செயினத்தான?" என்றாள் செண்பகவல்லி. கோபம் இல்லாமல்தான் கேட்டாள்.

குருவம்மாள் கை தன் வெறுங்கழுத்துக்குப் போனது.

ஹெப்சிபா டேப்பை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "என் மேலயும் தப்பு இருக்கும்மா. ஃபிரிட்ஜ் ஒயர் சுவத்துல மாட்டாமக் கெடந்தத நான் பாத்தேன், கேக்கல. வெள்ளிக்கிழமை வரைக்கும் திருத்தலாம். ஆனா திருத்துனா உங்க வீடு நடு வரிசையில இருக்காது, கடைசி வரிசைக்குப் போயிரும். இவங்களுக்கு வேற வீடு பேசும்."

"அப்ப இவுக..." என்று குருவம்மாள் பாயில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

"இவங்க வீட்டு உப்பு அந்த வீட்டுக்குப் போயிரும்மா."

கீழூர்க்காரி தூக்குவாளி மூடியை எடுத்தாள், திரும்ப மூடினாள். அவள் வீட்டில் பிரசவித்த மகள் இருந்தாள், பச்சைப் பிள்ளைக்கு நேர் மேலே தகரம் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை அவள் போன வாரமே சொல்லியிருந்தாள், இன்றைக்கு அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் குருவம்மாளுக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும், கோபத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் தள்ளிப்போட்டிருக்கலாம்.

"கேளு தாயி" என்றாள் ஹெப்சிபாவிடம்.

"ஃபிரிட்ஜ்?"

"இல்ல."

"செயின்?"

"கருகமணி கூட இல்ல."

"வீட்டுக்குப் பணம் அனுப்புறாங்களா?"

"இல்ல."

ஹெப்சிபா நிறுத்தினாள். அடுத்த கேள்வியை அவள் கேட்காமலே விட்டிருப்பாள், ஆனால் அதை நிரப்பாமல் டேப் மேலே நகராது.

"வீட்ல எத்தன பேரும்மா?"

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மணி ஏழு ஐந்து. ஊரறிய, நாலு பேர் முன்னால், இதை ஒருநாளும் அவள் வாயால் சொன்னதில்லை. சொல்லாத வரைக்கும் மாரீஸ்வரன் எங்கோ ஒரு பஸ்ஸில் வந்துகொண்டே இருந்தான்.

"ஒருத்தி" என்றாள்.

ஹெப்சிபா அழுத்தினாள். பாயில் இருந்த எல்லாருக்கும் கண் கலங்கியது, பதினோரு ஊரிலும் கலங்கியிருக்கும். கடைசியாகக் கலங்கியது அன்றைக்குத்தான்.

திட்டம் திரும்பி வந்தது. தை மாதத்துக்குள் தளம் போட ஆரம்பித்துவிட்டார்கள், ஊரெங்கும் ஜல்லியும் கலவை மிஷினுமாக இருந்தது. தனுஷ்கோடியின் தாளைத் திருத்தச் சொல்லி யாரும் போகவில்லை, அவர் இன்றுவரை ஒரு சைக்கிளோடுதான் இருக்கிறார். நடு வரிசைக்குப் புதூரில் ஒரு தையல்காரர் வீட்டை எடுத்தார்கள். சனம் தூக்குவாளியோடு அங்கே போக ஆரம்பித்தது. அவர் மனைவிக்குக் கோபம் ஜாஸ்தி என்று பேசிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, அவரவர் வீட்டுச் சோற்றை அவரவர் பார்க்கத்தானே வேண்டும். குருவம்மாள் வீட்டுக்கு முதல் வாரம் நாலு பேர் வந்தார்கள், அடுத்த வாரம் இரண்டு பேர், அப்புறம் செண்பகவல்லி மட்டும் வாசலில் நின்று "சாப்ட்டாச்சா மதினி" என்று கேட்டுவிட்டுப் போனாள். புதுத் தளத்துக்குத் தண்ணீர் விட வேண்டியிருந்தது அவளுக்கு. ஆறு மணிக்கு விரித்த பாயைக் குருவம்மாள் எட்டு மணிக்குச் சுருட்டி வைத்தாள், பத்து நாள் அப்படிச் செய்த பிறகு விரிப்பதை விட்டாள்.

மாசி மாதத்தில் ஹெப்சிபா திருத்திய அறிக்கையின் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து படித்துக் காட்டினாள். வேலை முடிந்து அவள் ஊருக்குப் போகிற நாள் அது.

"'தனியாக வசிக்கும், எந்தச் சொத்தும் இல்லாத பெண்கள்: ஆயிரத்து அறுநூற்று ஏழு.' இது நீங்கதாம்மா. கடைசி வரிசையில ஆள் ஜாஸ்தி, அதான் நம்பர் கூடிப்போச்சு."

"இவ்வளவு பேரா? யாரு தாயி அவுக? எந்த ஊரு?"

"தெரியாதும்மா. நாங்க உங்க ஒருத்தரத்தான பாத்தோம்."

அவள் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகு குருவம்மாள் அடுப்பைப் பற்றவைத்தாள். ரசத்தைக் கூட்டி வைத்தாள். உப்பு ஜாடியைத் திறந்து, திரும்ப மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். வேண்டுமென்றே செய்தாள். கதவைத் திறந்து போட்டு, தெருவைப் பார்க்க உட்கார்ந்தாள். ஆயிரத்து அறுநூற்று ஆறு வீட்டில் ஒருத்தியாவது விசாரித்துக்கொண்டு வருவாள், ஒரு ஆட்டோவாவது வந்து நிற்கும், ஏன் இப்படிப் பண்றே என்று ஒரு சண்டையாவது போடுவார்கள்.

ஏழு மணி ஆனது. ஏழரை ஆனது. தெருவில் தையல்காரர் வீட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். அவள் வாசலில் யாரும் நிற்கவில்லை.

அவள் யோசித்துப் பார்த்தாள். எவளோ ஒருத்தி, எங்கோ ஒரு ஒற்றை அறையில், சப்பென்ற ரசத்தை வாயில் வைத்திருப்பாள். குறை சொல்ல எதிரே ஆள் இல்லை. உனக்கும் அப்படித்தானா என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. தன் கைதான் மறந்துவிட்டது, வயதாகிறது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். அவள் எங்கே கிளம்பி வரப் போகிறாள்? இந்த ஏழு வருஷத்தில் தான் மட்டும் எங்கே கிளம்பிப் போனோம்?

குருவம்மாள் கண்ணை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள், கலங்க விடவில்லை. எழுந்து போய் உப்பு ஜாடியைத் திறந்து, ஒரு கல் கூடாமல் ஒரு கல் குறையாமல் அளவாக எடுத்துப் போட்டு, கரண்டியால் கலக்கி, உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்த்தாள். சரியாக இருந்தது. வெறும் சோற்றோடு நிறுத்திக்கொள்ளாமல் அன்றைக்கு ஒரு அப்பளமும் பொரித்தாள்.